நூறு கிலோ எள்ளும் நான்கு ஆண்டுப் படிப்பும்

விருதுநகரில் அப்பா நடத்திய எண்ணெய் ஆட்டும் கடையில், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு ஒன்று இருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் அதைக் கூட்டிச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. நூறு கிலோ எள் ஆட்டிய ஒரு நாளில் 42 கிலோ நல்லெண்ணெயும் 62 கிலோ பிண்ணாக்கும் எடுத்ததாக எழுதியிருந்தது. நூறைப் போட்டு நூற்று நான்கை எடுக்கிற வித்தை எனக்குப் பிடிபடவில்லை. கேட்டபோது அப்பா தலை நிமிராமலே, "கருப்பட்டியும் தண்ணியும் எங்கடா போகும்? எல்லாம் புண்ணாக்குலதான இருக்கு" என்றார். எள் ஆட்டும்போது எண்ணெய் பிரிவதற்காக ஆறு கிலோ கருப்பட்டியும் நான்கு லிட்டர் தண்ணீரும் சேர்த்திருக்கிறார்கள். எள்ளுக்குரிய பத்தியில் அவற்றுக்கு இடமில்லை என்பதால் எழுதவில்லை. அப்படியானால் உள்ளே போனது 110, வெளியே வந்தது 104. மீதி ஆறு கிலோ என்னவாயிற்று என்றேன். "சேதாரம்" என்றார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, வேதிப்பொறியியல் படிப்பின் மூன்றாம் பருவத்தில் முதல் துறைப்பாடம் தொடங்கிய அன்று, பேராசிரியர் கரும்பலகையில் ஒரு பெட்டி வரைந்தார். பெட்டிக்குள் ஓர் அம்பு, வெளியே ஓர் அம்பு. கீழே, "உள்ளே வந்தது, கழித்தல் வெளியே போனது, கூட்டல் உண்டானது, கழித்தல் அழிந்தது, சமம் தங்கியது" என்று எழுதிவிட்டு, இந்த ஒரு வரியைத்தான் அடுத்த மூன்று ஆண்டுகளும் வெவ்வேறு பெயரில் படிக்கப் போகிறீர்கள் என்றார். வகுப்பு சிரித்தது. எனக்கு அந்தச் சிவப்பு அட்டைப் பேரேடு நினைவுக்கு வந்தது. அவர் சொன்னது ஏறத்தாழ முழு உண்மை என்பது தெரிய எனக்கு மூன்று ஆண்டுகளும் தேவைப்பட்டன.

கவுன்சிலிங் காலம் வந்தாலே யாராவது ஒரு சொந்தக்காரர் தொலைபேசியில் அழைத்து, "கெமிக்கல் எடுத்தா என்னப்பா படிக்கணும், எல்லாம் ஆசிட் வேலையா?" என்று கேட்கிறார். வேதியியல் நன்றாக வருகிற பிள்ளைக்கு ஏற்ற படிப்பு என்று நினைத்து இதில் சேர்க்கிறவர்கள் அதிகம். சேர்ந்த பிறகு, வேதியியல் தாள்கள் இரண்டோ மூன்றோதான் என்றும், மற்றவை எல்லாம் குழாய், பம்பு, வெப்பம், கணிதம், கணக்கு என்றும் தெரியும்போது சிலருக்கு ஏமாற்றம், என்னைப் போன்ற சிலருக்கு நிம்மதி. புதிய மூலக்கூறு ஒன்றைக் குடுவையில் உண்டாக்கிக் காட்டுவது வேதியியலாளரின் வேலை. அதை நாளொன்றுக்கு நூறு டன் வீதம், விற்கக்கூடிய விலையில், யாரையும் கொல்லாமல் செய்வது எப்படி என்பதுதான் எங்கள் படிப்பின் கேள்வி.

இந்தக் கேள்விக்கென்று தனியே ஒரு படிப்பு வேண்டும் என்று தோன்றியதே சுமார் 140 ஆண்டுகளுக்கு முன்புதான். ஜார்ஜ் டேவிஸ் என்ற ஆங்கிலேயர் ஆலைகளை ஆய்வு செய்யும் பணியில் இருந்தவர். 1887-ல் மான்செஸ்டரில் இதைப் பற்றித் தொடராகச் சில விரிவுரைகள் நிகழ்த்தினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இதற்கான பட்டப்படிப்பு தொடங்கியது. அதுவரை சலவைச்சோடா ஆலைக்காரர் சோடா செய்யவும், சாயக்காரர் சாயம் செய்யவும், சர்க்கரை ஆலைக்காரர் சர்க்கரை செய்யவும் தனித்தனியே கற்றுக்கொண்டிருந்தார்கள். 1915-ல் ஆர்தர் லிட்டில் என்பவர், பொருள் எதுவானாலும் ஆலைக்குள் நடப்பவை கொதிக்கவைத்தல், உலர்த்துதல், வடிகட்டுதல், அரைத்தல், பிரித்தல் போன்ற சில அடிப்படைச் செயல்களே என்றும், அந்தச் செயல்களைக் கற்றுக்கொண்டால் எந்த ஆலைக்கும் போகலாம் என்றும் வாதிட்டார். பால்பவுடர் உலர்வதும் சலவைத்தூள் உலர்வதும் ஒரே பாடமானது அப்போதுதான். இந்தியாவில் 1921-ல் ஜாதவ்பூரில் இந்தப் படிப்பு தொடங்கியது. சென்னை கிண்டியில் இன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் அழகப்பா செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி 1944-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கப்பட்டது. நான் படித்தது அங்கே அல்ல. அதைவிடச் சின்னதான, பேர் சொல்லத் தேவையில்லாத ஒரு கல்லூரியில்.

முதல் ஆண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாப் பொறியியல் மாணவர்களும் படிக்கிற கணிதம், இயற்பியல், வரைபடம், கொஞ்சம் நிரல் எழுதுதல், பட்டறையில் ஒரு இரும்புத்துண்டை ராவி ராவிக் கை காய்த்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் ஆண்டில் அந்தப் பெட்டி பெரிதாகத் தொடங்கியது. பெட்டிக்கு எங்கே கோடு போடுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் கணக்கு என்பது முதலில் கற்பது. அப்பா எள்ளை மட்டும் சுற்றிக் கோடு போட்டிருந்தார். கருப்பட்டியையும் தண்ணீரையும் உள்ளே சேர்த்துக் கோடு போட்டால் நான்கு கிலோ மாயம் மறைகிறது, ஆறு கிலோ சேதாரம் தெரிகிறது. அந்த ஆறில் தூசியாகச் சலித்துப் போனது எவ்வளவு, சூட்டில் ஆவியானது எவ்வளவு, உரலில் ஒட்டியது எவ்வளவு என்று அடுத்த கோடு போடலாம். இந்தப் பாடத்தின் கணக்குகளைப் போட்டுப் பழகிய மாணவனுக்குச் 'சேதாரம்' என்ற சொல்லில் நம்பிக்கை போய்விடும். எதுவும் காணாமல் போவதில்லை, நாம்தான் அளக்கவில்லை.

இந்தக் கணக்கு எனக்கு உண்மையிலேயே பிடித்துப்போன இடம் அம்மோனியா. காற்றிலிருந்து நைட்ரஜனையும், இயற்கை வாயுவிலிருந்தோ நாப்தாவிலிருந்தோ ஹைட்ரஜனையும் எடுத்து, 150 முதல் 250 மடங்கு காற்றழுத்தத்தில், 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் சூட்டில், இரும்பு வினையூக்கியின் மேல் செலுத்தினால் அம்மோனியா கிடைக்கும். ஒருமுறை கடந்து போகையில் 15 முதல் 20 விழுக்காடுதான் வினைபுரிகிறது. மீதியை வீணாக்க முடியாதே. ஆகவே அம்மோனியாவைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்து எடுத்துக்கொண்டு, வினைபுரியாத வாயுவைத் திரும்பவும் முன்வாசலுக்கே அனுப்புகிறார்கள். இதுவரை எல்லோருக்கும் புரிந்தது. பிறகு பேராசிரியர், காற்றில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான் இருக்கிறதே, அது எங்கே போகும் என்று கேட்டார். ஆர்கான் எதனுடனும் வினைபுரியாது. அம்மோனியாவோடு வெளியே போவதும் மிகக் குறைவு. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக வந்த ஆர்கான் பழைய ஆர்கானோடு சேரும். இப்படியே விட்டால் சில நாட்களில் அந்தச் சுற்று முழுவதும் ஆர்கான் நிறைந்து ஆலை நின்றுபோகும். இதற்காக, திரும்பி வருகிற வாயுவில் ஒரு சிறு பங்கை வேண்டுமென்றே வெளியேற்ற வேண்டும். அதோடு விலையுயர்ந்த ஹைட்ரஜனும் சேர்ந்து போகும், போகட்டும். எவ்வளவு வெளியேற்றலாம் என்பதுதான் கணக்கு. கொஞ்சமாக வெளியேற்றினால் உள்ளே ஆர்கான் ஏறி அழுத்தம் வீணாகிறது, அதிகமாக வெளியேற்றினால் காசு வீணாகிறது. 'தங்கியது' என்ற அந்தக் கடைசிச் சொல்லுக்கு எவ்வளவு பலம் என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன். மணலியிலும் தூத்துக்குடியிலும் உர ஆலைகளைக் கடந்து போகும்போது இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது யூரியா அல்ல, அந்த ஆர்கான்தான்.

அடுத்தது ஓட்டம். மான்செஸ்டரில் 1883-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் மெல்லிய சாயக்கோடு ஒன்றை விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடியபோது கோடு கோடாகவே போயிற்று. வேகம் கூடியதும் கலைந்து சுழன்று குழாய் முழுவதும் பரவிற்று. எப்போது கலையும் என்பதைச் சொல்லுகிற எண் அவர் பெயரால் வழங்குகிறது. குழாயில் 2,100-க்குக் கீழே இருந்தால் அமைதியான ஓட்டம், 4,000-ஐத் தாண்டினால் கொந்தளிப்பு. இரண்டரை சென்டிமீட்டர் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீருக்கு இந்த எண் 25,000. அதே குழாயில் அதே வேகத்தில் நல்லெண்ணெய் போனால் சில நூறுகளைத் தாண்டாது. கடையில் எண்ணெய் டின்னுக்குள் விழும்போது முறுக்காமல் கண்ணாடிக்கம்பி மாதிரி இறங்கி நிற்பதை எத்தனையோ நாள் வேடிக்கை பார்த்திருக்கிறேன். அதற்கு ஓர் எண் இருக்கிறது என்பது தெரிந்தபோது ஒரு சின்னப் பெருமிதம். இன்னொரு கணக்கும் அந்தப் பருவத்தில் மனத்தில் தங்கிற்று. கொந்தளிப்பாக ஓடும் குழாயின் விட்டத்தைப் பாதியாக்கி அதே அளவு நீரைத் தள்ள வேண்டுமானால், தேவைப்படும் அழுத்தம் ஏறத்தாழ 32 மடங்கு. குழாயில் மிச்சம் பிடித்துவிட்டு ஆயுள் முழுக்க மின்கட்டணம் கட்டுகிறவர்களைப் பிற்பாடு பல ஆலைகளில் பார்த்தேன்.

ஓடுகிற திரவத்தின் உந்தம், பரவுகிற வெப்பம், கலக்கிற பொருள் ஆகிய மூன்றும் ஒரே மாதிரியான சமன்பாட்டால் நகர்கின்றன என்பது மூன்றாம் ஆண்டில் தெரியவரும். நியூட்டன், ஃபூரியே, ஃபிக் ஆகிய மூவர் பெயரில் மூன்று விதிகள். வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அந்த வித்தியாசத்துக்கு ஏற்ற வேகத்தில் சமமாகப் பார்க்கிறது என்பதே மூன்றிலும் உள்ள செய்தி. எங்கள் வகுப்பில் இது சொல்லித்தரப்பட்ட விதம் மோசம். இரண்டு மாதம் பலகை நிறைய வழிவருவித்தல்களை எழுதிப் போட்டார்கள், எழுதிக்கொண்டோம், தேர்வில் திரும்ப எழுதினோம். இந்த ஒற்றுமையின் அழகு எனக்குப் புரிந்தது வேலைக்குப் போய் நான்காம் ஆண்டில், ஒரு உலர்த்தி சரியாக உலர்த்தாமல் படுத்திய ஒரு மழைக்காலத்தில்.

ஆய்வகம் அப்படியல்ல. அங்கே நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு மதியத்தைத்தான் திரும்ப வாழலாம் என்றால் நான் அதைத்தான் கேட்பேன்.

ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் வைத்த எளிய வெப்பப் பரிமாற்றி. உள்குழாயில் சுடுநீர், வெளிக்குழாயில் குளிர்நீர். சுடுநீர் நிமிடத்துக்கு 10 லிட்டர், 65 டிகிரியில் நுழைந்து 52-ல் வெளியேறியது. குளிர்நீர் ரோட்டாமீட்டரில், அதாவது உள்ளே மிதவை நிற்கும் உயரத்தைக் கொண்டு ஓட்டத்தைக் காட்டும் கருவியில், 12 லிட்டர் காட்டியது, 30 டிகிரியில் நுழைந்து 39.5-ல் வெளியேறியது. கணக்குப் போட்டால் சுடுநீர் இழந்தது 9.1 கிலோவாட், குளிர்நீர் பெற்றது 7.9 கிலோவாட். 1.2 கிலோவாட் உதைத்தது. மணி நான்கு ஆகிவிட்டது, பேருந்து போய்விடும். குழுவில் இருந்த நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், 39.5 என்பதை அழித்து 40.8 என்று எழுதினோம். கணக்கு 9.0 என்று வந்து பொருந்திவிட்டது. ரீடிங்கைச் 'சமைப்பது' என்று இதற்குப் பெயர். இந்தப் படிப்பில் சேர்ந்தவர்களில் சமைக்காதவர் யாராவது இருந்தால் அவரை நான் பார்த்ததில்லை.

பேராசிரியை ஏட்டை வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. "சுடுதண்ணி இழந்த சூடு மொத்தமும் குளிர்தண்ணிக்கே போயிருச்சா? பக்கத்துல நின்ன உங்களுக்கு வேர்க்கவே இல்லையா?" என்று கேட்டார். நாங்கள் நால்வரும் வேர்த்து வழிந்து நின்றுகொண்டிருந்தோம். பழைய அளவைச் சொன்னோம். அப்படியானால் கணக்கு ஏன் உதைக்கிறது என்று கண்டுபிடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம் என்றார்.

முதலில் குழாய்க்கு உறை இல்லாததால் சூடு காற்றுக்குப் போய்விட்டது என்றோம். அந்த நீளக் குழாயிலிருந்து காற்றுக்கு 1.2 கிலோவாட் போகுமா, போட்டுக் காட்டுங்கள் என்றார். போட்டோம், அதில் கால்பங்குகூட வரவில்லை. வெப்பமானிகளை ஒரே டம்ளர் தண்ணீரில் வைத்துப் பார்த்தோம். பெரிய வேறுபாடு இல்லை. கடைசியாக ஆய்வக உதவியாளர் அண்ணன், "தம்பி, அந்த மீட்டரை நம்பாதீங்க, ஒரு வாளி வச்சுப் புடிச்சுப் பாருங்க" என்று மெல்லச் சொன்னார். இருபது லிட்டர் வாளி 91 நொடியில் நிறைந்தது. அதாவது நிமிடத்துக்கு 13.2 லிட்டர். உப்புத்தண்ணீர் ஓடி ஓடி மிதவையில் காரை படிந்து கனத்து, நிற்க வேண்டிய இடத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. திருத்திப் போட்டால் குளிர்நீர் பெற்றது 8.7 கிலோவாட். மீதி 0.4 கிலோவாட் காற்றுக்கும் வெப்பமானிப் பிழைக்கும். பேருந்து போய்விட்டது. நடந்து விடுதிக்குப் போகிற வழியில் எங்களுக்குள் விசித்திரமான உற்சாகம் இருந்தது. சமைத்த கணக்கில் அந்த மீட்டர் ஆயுள் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கும்.

வெப்ப இயக்கவியல் பற்றி நேர்மையாகச் சொன்னால், முதல் தாள் புரிந்தது, இரண்டாம் தாள் புரியவில்லை. ஃபியூகாசிட்டி என்ற ஒன்று ஒரு பருவம் முழுவதும் எங்களோடு குடியிருந்தது. தேர்வில் அதற்கு 16 மதிப்பெண் வாங்கினேன். அது என்னவென்று அப்போது யாரேனும் கேட்டிருந்தால் ஓடியிருப்பேன்.

பிரித்தெடுப்பது என்பது தனி உலகம். கலந்து கிடக்கிற இரண்டைப் பிரிப்பதற்குத்தான் வேதி ஆலைகளில் பெரும்பங்கு எரிபொருள் செலவாகிறது. மணலிப் பக்கம் போகிறவர்கள் பார்க்கிற உயரமான கோபுரங்கள் புகைபோக்கிகள் அல்ல. பெரும்பாலும் அவை காய்ச்சி வடிக்கும் கோபுரங்கள். உள்ளே தட்டுத்தட்டாக அடுக்கியிருக்கும். ஆவி மேலே ஏறும், திரவம் கீழே வழியும், ஒவ்வொரு தட்டிலும் இரண்டும் சந்திக்கும்போது எளிதில் ஆவியாவது மேலும், மற்றது கீழும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். எத்தனை தட்டு வேண்டும் என்பதை மெக்கேப், தீலே என்ற இருவர் 1925-ல் ஒரு வரைபடத்தால் சொல்லிவிட்டார்கள். வரைபடத்தாளில் வளைவு ஒன்று, அதற்குக் கீழே நேர்கோடு ஒன்று. இரண்டுக்கும் இடையே படிக்கட்டு மாதிரி குறுக்கும் நெடுக்குமாக வரைந்துகொண்டே போய்ப் படிகளை எண்ணினால் போதும். மேலே வந்த ஆவியைக் குளிர்வித்துக் கிடைத்த திரவத்தில் ஒரு பங்கைத் திரும்பக் கோபுரத்துக்கே அனுப்புவதற்கு ரிஃப்ளக்ஸ் என்று பெயர். அதை அதிகமாக்கினால் தட்டுகள் குறையும், ஆனால் நீராவிச் செலவு ஏறும். குறைத்தால் நீராவி மிச்சம், ஆனால் கோபுரம் வானத்துக்கு வளரும். சாராயத்தையும் தண்ணீரையும் பிரிக்கும் வரைபடத்தில் படிக்கட்டு 95.6 விழுக்காட்டுக்கு அருகே போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். எத்தனை தட்டு சேர்த்தாலும் அதற்குமேல் ஏறாது, ஏனெனில் அந்த இடத்தில் ஆவியும் திரவமும் ஒரே கலவையாகிவிடுகின்றன.

இப்போது இதையெல்லாம் கணினி மென்பொருள் சில நொடிகளில் போட்டுவிடுகிறது. மென்பொருளைக் குறை சொல்லவில்லை. நானும் தினமும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் விடை ஏன் இப்படி வந்தது என்று கேட்டால், 'சாஃப்ட்வேர் காட்டுது சார்' என்கிறார்கள். கையால் பதினொரு படி வரைந்து, பென்சில் மழுங்கிப் பதினொன்றா பன்னிரண்டா என்று தகராறு செய்தவனுக்கு, திரையில் 47 தட்டு என்று வந்தால் வயிற்றைப் பிசையும். அந்தப் பிசைவுக்காகவாவது வரைபடத்தாளைப் பாடத்திட்டத்தில் வைத்திருக்க வேண்டும்.

வினைகலன் பாடத்தில்தான் இந்தப் படிப்பின் மையமான சிக்கல் வருகிறது. ஒரு லிட்டர் குடுவையில் அழகாக நடந்த வினையைப் பத்தாயிரம் லிட்டர் கலனில் நடத்த வேண்டும். கலனின் வடிவம் அதேதான் என்றால், நீள அகலங்கள் 21.5 மடங்கு பெரிதாகின்றன. சுவரின் பரப்பு 464 மடங்குதான் கூடுகிறது. உள்ளே இருக்கும் சரக்கோ 10,000 மடங்கு. சூட்டை உமிழும் வினையானால், சூடு உண்டாவது சரக்கின் அளவுக்கு ஏற்ப, வெளியேறுவதோ சுவரின் அளவுக்கு ஏற்ப. லிட்டர் ஒன்றுக்குக் கிடைக்கும் சுவர் 21-ல் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடுகிறது. சூடு ஏற ஏற வினையின் வேகமும் பன்மடங்காக ஏறும், வேகம் ஏற ஏற இன்னும் சூடு. குடுவையில் கைக்கு இதமாக இருந்தது கலனில் வெடிக்கலாம்.

இதை நடத்திய பேராசிரியர் அடுத்த வகுப்பில் போபாலைப் பற்றி மட்டுமே பேசினார். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில், மெத்தில் ஐசோசயனேட் நாற்பது டன்னுக்கு மேல் இருந்த ஒரு தொட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. எப்படிப் போயிற்று என்பதில் இன்றும் வாதம் உண்டு. போன பிறகு நடந்ததில் வாதமில்லை. தண்ணீரோடு அது வினைபுரிந்து சூட்டை உமிழும். 39 டிகிரியிலேயே கொதித்துவிடும். தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குப் போகிற குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் அமைப்பு அவ்வளவு வாயுவைத் தாங்கக்கூடியதே அல்ல. பேராசிரியர் இவற்றை வரிசையாகச் சொல்லிவிட்டு, அந்தப் பழைய பெட்டியைத் திரும்ப வரைந்தார். 'தங்கியது' என்ற சொல்லின் கீழ் கோடு போட்டார். அது விற்பனைப் பொருளே அல்ல, பூச்சிக்கொல்லி செய்யும் வழியில் உண்டாகிற இடைப்பொருள்; உண்டான வேகத்திலேயே செலவழித்திருந்தால் குழாய்க்குள் சில கிலோதான் இருந்திருக்கும்; நாற்பது டன் ஏன் தங்கியது என்று கேட்டார். யாரும் பேசவில்லை. வகுப்பு முடிந்த மணி அடித்தும் யாரும் எழவில்லை.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1974 ஜூன் 1 அன்று, இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் நடந்ததையும் படித்தோம். வரிசையாக இருந்த கலன்களில் விரிசல் விட்ட ஐந்தாவதைக் கழற்றிவிட்டு, நான்கையும் ஆறையும் இணைக்கத் தற்காலிகக் குழாய் ஒன்றைப் போட்டார்கள். அதற்கு இருந்த ஒரே வரைபடம் பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டது. அந்தக் குழாய் பிய்ந்து, வெளியேறிய சைக்ளோஹெக்சேன் ஆவி வெடித்து 28 பேர் இறந்தார்கள். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவான ஹாசாப் என்ற முறையை இதோடு சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவாக உட்கார்ந்து, வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு குழாயையும் கைவைத்துக் காட்டி, இதில் ஓட்டம் இல்லாவிட்டால், அதிகமானால், குறைந்தால், எதிர்த்திசையில் வந்தால் என்ன ஆகும் என்று சலிக்காமல் கேட்கிற முறை அது. சலிப்பூட்டும் வேலைதான். நாள் முழுக்க இருபது குழாயைத் தாண்ட மாட்டோம்.

வட சென்னையில் ஓர் ஆலையில் மூன்று வாரப் பயிற்சி. மொத்தப் படிப்பில் ஆலைக்குள் கழித்தது அவ்வளவுதான். மருத்துவ மாணவனை நோயாளி பக்கம் விடாமல் நான்கு வருடம் புத்தகத்தால் வளர்ப்பது போன்ற அநியாயம் இது என்று இன்றும் நினைக்கிறேன். அங்கே ஷிஃப்டில் இருந்த ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் பம்பு அறையின் வாசலில் நிறுத்தி, "தம்பி, கேளுங்க. எது கல்லை மெல்லுது?" என்றார். ஆறு பம்புகள் ஓடின. எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். அவர் நான்காவதைக் காட்டினார். காது கொடுத்தால் உள்ளே சரளைக்கல் உருளுவது போல் ஒரு நறநறப்பு. நான் தேர்வில் படித்திருந்தது நினைவுக்கு வந்தது: உறிஞ்சும் பக்கம் அழுத்தம் காற்றழுத்தத்தில் 24-ல் ஒரு பங்குக்கு இறங்கினால் தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதித்துக் குமிழியாகும், அந்தக் குமிழிகள் பம்புக்குள் அழுத்தமான இடத்துக்கு வந்ததும் நொறுங்கி உலோகத்தை அரிக்கும். சமன்பாட்டை அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸ்ட்ரெய்னர் சல்லடை அடைச்சிருக்கும், கழுவணும்" என்று போய்விட்டார்.

கட்டுப்பாட்டுக் கருவியியல், சுற்றுச்சூழல், பொருளாதாரம் எல்லாம் கடைசி ஆண்டில் வேகமாக வந்து போயின. அதற்குள் வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் மென்பொருள் நிறுவனங்களில் வேலை கிடைத்துவிட்டதால் கவனம் அங்கில்லை. மிஞ்சியது திட்டப்பணி. நான்கு பேர் சேர்ந்து ஓர் ஆலையைக் காகிதத்தில் கட்ட வேண்டும்: கணக்கு, கலன்களின் அளவு, இடம், பாதுகாப்பு, விலை, லாபம் எல்லாம். ஆலையை இரட்டிப்பாக்கினால் செலவு இரட்டிப்பாகாது, ஒன்றரை மடங்குதான் ஆகும் என்பது போன்ற கைவைத்தியக் கணக்குகளை அங்கேதான் கற்றோம்.

நான் பிடிவாதமாக எள்ளுப் பிண்ணாக்கை எடுத்துக்கொண்டேன். எள்ளில் பாதிக்குக் கொஞ்சம் குறைய எண்ணெய். நூறு கிலோவில் 49 கிலோ என்று வைத்தால், அப்பா எடுத்தது 42. ஏழு கிலோ பிண்ணாக்கில் தங்கிவிட்டது. அதை ஹெக்சேனால் கழுவி எடுக்கலாம். ஹெக்சேன் 69 டிகிரியில் கொதிப்பதால் பிறகு ஆவியாக்கிப் பிரிப்பது எளிது. ஆனால் அதன் ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். காற்றில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேலே கலந்தாலே தீப்பொறிக்குக் காத்திருக்கும். கழுவும் கலன், ஆவியாக்கி, குளிர்விப்பான், உலர்த்தி என்று எல்லாப் பாடமும் அந்த ஒரு ஆலைக்குள் வந்து உட்கார்ந்தன. போட்ட முதலீடு நான்கு ஆண்டுகளில் திரும்பிவிடும் என்று கணக்கு வந்தது.

பொங்கல் விடுமுறையில் அறிக்கையை அப்பாவிடம் காட்டி, ஒவ்வொரு நூறு கிலோவுக்கும் ஏழு கிலோ நல்லெண்ணெய் நம்மிடமிருந்து போகிறது என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்களை மட்டும் பார்த்தார். "போகலடா. மாட்டுக்காரன் காசு குடுத்துத்தான வாங்குறான்? எண்ணெய் இருக்கதுக்குத்தான் அந்த வெல. நீ சக்கையாக் குடுத்தா அதே வெலைக்கு வாங்குவானா?" என்றார். அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். கழுவாத பிண்ணாக்கை வாங்கும் விலையையும், கழுவிய பிண்ணாக்கை விற்கும் விலையையும் ஒன்றாகவே போட்டிருந்தோம். நாங்கள் நால்வரும், எங்கள் வழிகாட்டியும் அதைக் கவனிக்கவில்லை.

விடுதிக்குத் திரும்பியதும் அந்த வரியைத் திருத்திக் கணக்கை மறுபடி போட்டேன். நான்கு ஆண்டு ஒன்பது ஆண்டானது.